முங்காத வீட்டில் நான்கு நாள்

அணையில் வள்ளம் விட்டு, தீவுக்குத் தீவு கூடாரம் போட்டு, மூன்று நாள் கழித்துக் கரையேறும் சுற்றுலாவுக்கு நம் வகுப்புக் கூட்டாளிகள் பெயர் கொடுக்கிறீர்களாம். வாட்ஸப் குழுவில் பார்த்தேன். முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள் இரண்டு பேர், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள் மூன்று பேர், நீந்தத் தெரியாதவர்கள் அத்தனை பேரும். தாராளமாகப் போய்வாருங்கள். லைஃப் ஜாக்கெட் தருவார்களாம், காலையில் அப்பமும் முட்டைக்கறியும் உண்டாம். நான் வரவில்லை. யார் மீதும் கோபம் இல்லை. அந்தப் பயணத்தை நான் பதினோரு வயதிலேயே போய்வந்துவிட்டேன், லைஃப் ஜாக்கெட் இல்லாமல்.

முதலில் ஒன்று. ‘தீவு எவ்வளவு அழகு’ என்று படம் அனுப்புகிறீர்களே, அவை தீவுகள் இல்லை. மலைகள். அணையில் தண்ணீர் ஏறியபோது காலும் இடுப்பும் மார்பும் உள்ளே போய், தலை மட்டும் வெளியே நிற்கிற மலைகள். அதில் ஒன்றின் உச்சிக்குச் சற்றுக் கீழே எங்கள் வீடு இருந்தது. மண்சுவர், புல்கூரை, பின்னால் அரை ஏக்கரில் ஏலமும் மரவள்ளியும். அப்பா தினமும் மலையிறங்கி, தார் ரோட்டில் நடந்து, எஸ்டேட் ஃபேக்டரிக்கு இலை வாட்டப் போவார். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். இரண்டு பேரும் தற்காலிகம்தான், பேர் பதிந்த தொழிலாளிகள் இல்லை.

தண்ணீர் ஏறிய மழைக்காலத்தில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியேறினோம். நாங்கள் அப்பாவின் அக்காள், என் அத்தை, குடியிருந்த எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தோம். ஒரே அறை, ஒரே அடுப்பு. அவர்கள் ஆறு பேர், நாங்கள் நான்கு பேர். மாதக் கடைசிக்குள் எங்களை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று கங்காணி அத்தையிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அத்தை அதை எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் சோற்றுப் பானையை அடுப்பில் வைக்கும் சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்தது.

நிலம் போனவர்களுக்கு ஆனைக்கரைப் பக்கம் மாற்று நிலம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பாவும் அம்மாவும் மனுவோடு போனார்கள். மனு எழுதியது நான். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள், எழுத்து புரியாவிட்டால் படித்துக் காட்ட. ஆபீசர் மலையாளி. மேப்பை விரித்து எங்கள் மலையின் மேல் பென்சிலை வைத்தார்.

“நிங்ஙளுடெ ஸ்தலம் முங்ஙியிட்டில்லல்லோ” என்றார்.

எங்கள் இடம் முங்கவில்லையாம். தண்ணீர் நிற்கிற கோட்டுக்கு மேலே இருக்கிறதாம். முங்காத நிலத்துக்கு மாற்று நிலம் எப்படிக் கொடுப்பது? அவர் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கையிலிருந்த சட்டத்தில் தண்ணீருக்கு உயரம் இருந்தது, சுற்றளவு இல்லை.

“அப்ப நாங்க எங்க சார் இருக்கறது?” என்று அப்பா கேட்டார். கேட்கும்போதே துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது.

“அவிடெத் தன்னெ தாமசிக்காமல்லோ” என்றார் ஆபீசர். அங்கேயே இருந்துகொள்ளலாம் என்று அர்த்தம்.

அதுவரை கதவோரம் நின்ற அம்மா முன்னால் வந்தாள். “அதை இதுல எழுதிக் குடுங்க சார்” என்றாள்.

விட்டால் போதும் என்று அவரும் மனுவின் பின்பக்கத்தில் எழுதினார். நிலம் மூழ்கவில்லை, உடைமைக்காரர் அங்கேயே வசிக்கலாம். கையெழுத்து, முத்திரை. அம்மா தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வெளியே வந்து வெயிலில் நின்றதும், “ஆபீசரே சொல்லிட்டாக. போயி இருந்துருவோம்” என்றாள்.

அப்பா கிண்டல் என்று நினைத்தார். சாயங்காலம் அம்மா அரிசி புடைத்துக் கட்டியபோதுதான் அவருக்கு உறைத்தது.

“வேணாம் புள்ள. ஆபீசரைப் பகைச்சுக்கிட்டு நாம பொழைக்க முடியுமா? இன்னொரு தடவை போயிக் கால்ல விழுந்து கேப்போம்.”

“எத்தனை தடவைதான் விழுவீக? அவரு காலு வலிக்கப்போவுது.”

அப்பா போய் ஃபேக்டரி லாரியின் பழைய தார்ப்பாயைக் கேட்டு வாங்கிவந்தார். அன்று அவரை நான் கோழை என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கூட வருகிறவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. பதினோரு வயதில் வாய் பெரியதாக இருந்தவர்கள்தான் எனக்கு வீரர்கள்.

என் பள்ளிக்கும் தங்கையின் பள்ளிக்கும் அம்மா சொல்லச் சொல்ல நான் லீவு லெட்டர் எழுதினேன். ‘எங்கள் வீட்டைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால் பள்ளிக்கு வர வழியில்லை. அங்கே வசிக்கும்படி ஆபீசர் உத்தரவு.’ நம் ஹெட்மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “வீட்டுப்பாடத்தை அங்கே உட்கார்ந்து எழுது” என்று மட்டும் சொன்னார். அதனால் நோட்டும் என்னோடு வந்தது.

வள்ளம், கடற்கரைப் பக்கத்திலிருந்து அணை மீனுக்காக மலையேறி வந்த ஒரு மீன்காரருடையது. அம்மா முட்டையிடுகிற கோழியை அவர் மனைவியிடம் கொடுத்து வள்ளத்தைக் கேட்டாள். கொடுக்கும்போது அவர் தண்ணீரைக் காட்டி, “இது காயல் அல்ல கேட்டோ. அடியில் காடு நிக்குந்நுண்டு” என்றார். இது உப்பங்கழி இல்லை, அடியில் காடு நிற்கிறது என்பது எங்களுக்குத் தெரியாதா? அந்தக் காட்டில் விறகு பொறுக்கியவர்கள்தானே நாங்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புறப்பட்ட காலை மூடுபனி. தார்ப்பாயில் தேயிலைத் தூசியும் டீசலும் கலந்த வாடை. அதன் மேல் அரிசி, கருவாடு, உப்பு, மரவள்ளிக் கிழங்கு, ஃபேக்டரித் தேயிலைத் தூள், இரண்டு கோழிகள், தங்கை, நான். அப்பா பின்னால் துடுப்பு போட்டார். அவருக்குத் துடுப்புப் பழக்கம் இல்லை, அதனால் வள்ளம் இரண்டு தரம் சுற்றிவிட்டுத்தான் கிளம்பியது. கரையில் நின்ற லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். அம்மா முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கையை நீட்டி, “அந்தா நம்ம மலை” என்றாள்.

அது எங்கள் மலை இல்லை.

இப்படி ஒரு தப்பை எங்களைத் தவிர யாரும் செய்ய முடியாது. பிறந்து வளர்ந்த மலையையே தெரியாதா என்று கேட்பீர்கள். மலையை நாங்கள் காலால்தான் தெரிந்துவைத்திருந்தோம். ஓடையைத் தாண்டி, வழுக்குப் பாறையில் கைவைத்து, நாவல் மரத்தடியில் திரும்பினால் எங்கள் மலை. ஓடையும் பாறையும் நாவலும் தண்ணீருக்குள் போனபிறகு எல்லா மலையும் ஒரே மலையாகத்தான் இருந்தது. நெற்றிவரை ஆற்றில் முங்கி நிற்கிறவர்களில் யார் யார் என்று குடுமியை வைத்துச் சொல்ல முடியுமா?

அம்மா ஏறியதும் பாதி இடிந்த ஒரு சுவரைப் பார்த்து, “மழையில கரைஞ்சு போச்சே” என்று வருத்தப்பட்டாள். முற்றத்தைப் பெருக்கினாள். சாணி கிடைக்காததால் மண்ணைக் கரைத்துத் தெளித்து, சுண்ணாம்புக் கல்லைப் பொடித்து ஒரு கோலமும் போட்டாள். கஞ்சி கொதிக்கும் நேரத்தில் நான் பின்பக்கம் போய்ப் பார்த்தால், ஒரு கல்தொட்டி. மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி. நாங்கள் மாடு வைத்திருந்ததே இல்லை.

“அம்மா, இது மாட்டுக்காரம்மா வீடு” என்றேன்.

மாட்டுக்காரம்மாவுக்கும் அம்மாவுக்கும் ஐந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் மாடு எங்கள் மரவள்ளியில் இறங்கிய நாளிலிருந்து. அவளுடைய வீடும் முங்காத வீடுதான், ஆனால் ஆபீசில் அழுதுவிட்டு அவள் மலையிறங்கித் தேனிக்கே போய்விட்டாள். அம்மா அந்தத் தொட்டியை வந்து பார்த்தாள். கோலத்தைப் பார்த்தாள். “இவ வாசலுக்கா நான் கோலம் போட்டேன்!” என்று இடுப்பில் கைவைத்து நின்றவள், சிரிக்கத் தொடங்கினாள். அப்பாவும் சிரித்தார். அந்த மழைக்காலத்தில் இருவரும் சேர்ந்து சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். அன்று மாட்டுக்காரம்மா வீட்டிலேயே தார்ப்பாயைக் கட்டித் தங்கினோம். அட்டைக்கு உப்புத் துணி கட்டிய காலோடு தங்கை என் மேல் படுத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அப்பா, “இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார். வள்ளத்தைக் கரைக்கே திருப்பி, தார் ரோடு தண்ணீருக்குள் இறங்குகிற இடத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து, தினமும் நடந்த ரோட்டின் மேலேயே வள்ளத்தை விட்டார். ஆழம் குறைந்த இடத்தில் மூங்கில் கழியை விட்டுக் குத்துவார். ‘டொக்’ என்றால் ரோடு, புதைந்தால் ஓரம். ஆழமான இடத்தில் மலைகளின் இடுக்கைப் பார்த்துக் கணக்குப் பண்ணினார். நடுத் தண்ணீரில், நாலு பக்கமும் வெட்டவெளியாக இருக்கும்போது, வள்ளத்தை இடது பக்கம் ஒடித்துத் திருப்பினார்.

“ஏங்க, எங்க திரும்புறீக?”

“சாயாக்கடை வளைவு.”

“தண்ணிக்கு மேல என்னங்க வளைவு? நேரா விடுங்க!”

“ரோடு இப்பிடித்தான் போவுது.”

எனக்கு அவமானமாக இருந்தது. கரையிலிருந்து யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்று தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தபோதுதான் தெரிந்தது. வள்ளத்துக்கு இரண்டு பக்கமும், ஒரு சாண் ஆழத்தில், இலையில்லாத மரங்களின் கொம்புகள். பழுப்பாக, பாசி பிடித்து, கூராக. எங்களுக்கு நேர் கீழே மட்டும் ஒன்றும் இல்லை. ரோட்டில் மரம் முளைக்காது அல்லவா? அம்மாவும் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ‘நேரா’ என்கிற வார்த்தையைச் சொல்லவில்லை. நாலு வளைவு திரும்பி, நாவல் மரத்தின் உச்சிக்கிளையை உரசிக்கொண்டு வள்ளம் எங்கள் மலையில் முட்டியது.

கூரை விழுந்திருந்தது. சுவரும் அடுப்பும் அப்படியே இருந்தன. அம்மா அடுப்பை மூட்டி, மேலே பச்சை இலையை அள்ளிப் போட்டாள். கறுப்பும் வெள்ளையுமாகப் புகை எழும்பியது. கண் எரிந்து தங்கை அழுதாள். “சமையலுக்கு இல்லடி, அணைக்காரனுக்கு” என்றாள் அம்மா. அணையின் தண்ணீர்ப் பரப்புக்குள் யாரும் தங்கக் கூடாது என்று காவல் இருந்தது. அம்மா கணக்குப்போட்டு வைத்திருந்தது அதைத்தான். மறுநாள் காவல்காரன் வந்துவிடுவான், அவன் போய் ஆபீசரைக் கேட்பான், ஆபீசர் வருவார். எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடும் என்று நினைத்தாள். அரிசியும் அந்தக் கணக்குக்குத்தான் கட்டியிருந்தாள்.

மூன்றாம் நாள் முழுக்க மழை. புகை எழும்பவில்லை. தூக்குப்போணியைக் கழுவப் போன இடத்தில் அது கைநழுவித் தண்ணீருக்குள் போனது, அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பித்தளைப் போணி. இருந்த கருவாடு ஊறிப் புளித்த வாடை அடித்தது. கோழிகளில் ஒன்று காணவில்லை. உச்சிப் பொழுதில் எதிர்மலையிலிருந்து மூன்று யானைகள் தண்ணீரில் இறங்கி நீந்தின. துதிக்கை மட்டும் மேலே. பெரியது முன்னால், குட்டி நடுவில். அவை எங்கள் மலைக்குத்தான் வருகின்றன என்று நினைத்து நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். வராமல், மாட்டுக்காரம்மா வீட்டுப் பக்கம் ஏறின. முந்தாநாள் நாங்கள் படுத்திருந்த இடம். அப்பா எழுந்து அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அரிசியைக் கையால் அளந்துகொண்டிருந்தாள். “நாளைக்கும் ஒருத்தரும் வரலைன்னா திரும்பிருவோம்” என்றாள். திரும்பினால் எங்கே திரும்புவது? லயத்திலும் இடமில்லை, மலையிலும் வழியில்லை. என் அம்மாவுக்கு இதற்கு மேல் யோசனை இல்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பயமாக இருந்தது.

சாயங்காலம் மழை விட்டதும் புகை எழும்பியது. அரைமணி நேரத்தில் அணைக் காவல்காரன் மோட்டார் போட்டில் வந்து, தூரத்திலேயே நிறுத்திக் கத்தினான். யாரைக் கேட்டு இங்கே தங்கியிருக்கிறீர்கள்? அம்மா தாளை விரித்துத் தலைக்கு மேலே பிடித்தாள். “ஆபீசர் உத்தரவு! முத்திரை இருக்கு! அவரையே கேளு!” கையில் கொடுக்கவில்லை, காட்டினாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

நான்காம் நாள் காலையில் ஆபீசர் வந்தார். அணைக்குள் ஆளைக் குடிவைத்தது நீயா என்று மேலே இருப்பவர்கள் அவரைக் கேட்டிருக்க வேண்டும், முகமே சொன்னது. ஆனால் அந்த முகத்தை நாங்கள் பார்த்தது பிறகுதான். முதலில் பார்த்தது, ஒரு வாடகை வள்ளம் எங்கள் மலையைக் குறிவைத்து நேராக வருவதைத்தான்.

“நேரா வாராக” என்றார் அப்பா. துண்டை உதறிக் கட்டிக்கொண்டு எங்கள் வள்ளத்தை நோக்கி ஓடத் தொடங்கினார். அவர் ஓடியது எதற்கு என்று புரிவதற்குள், அங்கே மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. வாடகை வள்ளம் ஒரு மரத்தின் கவையில் ஏறி, அடிப்பலகை பிளந்து, பாதி முங்கி நின்றது. ஆபீசர் அதன் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பை தண்ணீரில் மிதந்து போனது. அப்பா ரோட்டை விட்டு இறங்கி, கழியால் கொம்பு கொம்பாகத் தடவித் தடவிப் போய், ஆபீசரையும் வள்ளக்காரரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ரோடு இருந்த வரைக்கும் அவர் துடுப்புப் போட்டு அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

அம்மா ஆபீசரைத் திட்டவில்லை. அப்பாவின் காய்ந்த கைலியை எடுத்துக் கொடுத்தாள். அடுப்போரம் சாக்கை விரித்து உட்காரவைத்து, பால் இல்லாத கட்டஞ்சாயா கொடுத்தாள். இருந்த ஒரே கோழியை அறுக்கச் சொன்னாள். கட்டம்போட்ட கைலியில், ஈரத் தலையோடு, மரவள்ளியும் கோழிக்கறியும் அவர் சாப்பிட்டார். நல்ல பசி. மறு தடவை கேட்டு வாங்கினார். கூட வந்த வள்ளக்காரர் மூன்று தடவை வாங்கினார். அது எங்கள் கடைசிச் சாப்பாடு என்று அவர்களுக்குத் தெரியாது, அம்மா தெரியவிடவும் இல்லை.

கைகழுவியதும் அவர் எழுந்தார். “இனி போகாம். ஆபீசில் சென்னிட்டு ஞான் எழுதித் தராம்” என்றார். இனிப் போகலாம், ஆபீசுக்குப் போய் எழுதித் தருகிறாராம்.

அம்மா எழவில்லை. “ஆபீஸ்ல தண்ணி இல்லைங்க சார். தண்ணி இங்கதான் இருக்கு. இங்கயே எழுதுங்க.”

“கடலாஸ் எவிடெ? எல்லாம் போயில்லே?”

நான் நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்து நீட்டினேன். அவர் சட்டைப்பையில் பேனா பிழைத்திருந்தது. அவர் தாளையும் பார்த்தார், எங்கள் வள்ளத்தையும் பார்த்தார். அங்கே இருந்தது அந்த ஒரு வள்ளம்தான். அதன் துடுப்பு அம்மாவின் மடியில் குறுக்காகக் கிடந்தது. அவள் அதைக் காட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

அவர் உட்கார்ந்து எழுதினார். எழுத எழுத எனக்குப் படித்துக் காட்டினார், நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். நாலு பக்கமும் தண்ணீர். வழி இல்லை. மனிதர் வசிக்கத் தகுதியில்லை. மாற்று நிலம் கொடுக்க வேண்டியது. பிறகு பேனாவை நிறுத்தி, “உடமஸ்தன்றெ பேர்?” என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். நிலத்துக்காரன் பெயர்.

மனுவில் இருந்தது அப்பாவின் பெயர்தான். அந்தக் காலத்தில் வேறு யார் பெயர் இருக்கும்? அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கவில்லை. தோளிலேயே கிடந்தது.

“அவ பேரை எழுதுங்க சார்” என்றார். “நான் வேணாம்னுதான் சொன்னேன். இங்க வந்து இருந்தது அவதான்.”

அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. என் அம்மாவுக்கு! துடுப்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கையெழுத்துத் தெரியாது, மை டப்பாவும் தண்ணீரோடு போயிற்று. சோற்றுப்பானையின் அடிக்கரியில் பெருவிரலைத் தேய்த்து என் நோட்டுத் தாளில் அழுத்தினாள். பிறகு அப்பா அவர்களை வள்ளத்தில் ஏற்றி, ஒவ்வொரு வளைவாகத் திருப்பிக் கரைக்குக் கொண்டுபோனார்.

ஆனைக்கரைப் பக்கம், கல்லும் சரிவுமாக ஓர் இடம், அம்மா பெயரில் கிடைத்தது. அதற்குள் கங்காணி சொன்ன கெடு முடிந்து, இரண்டு மாதம் ஒரு கோவில் மண்டபத்தில் கிடந்தோம். நானும் தங்கையும் வளர்ந்தது அந்தச் சரிவில்தான். ஆபீசரைப் பிடித்துவைத்து மிரட்டி வாங்கிய நிலம் என்று உங்களில் சிலர் வீட்டிலேயே பேசியிருக்கிறார்கள், என் காதுக்கும் வந்திருக்கிறது. மரியாதையாகக் கேட்டிருக்கலாமாம். நாங்கள் மரியாதையாகக் கேட்டோம், மனு எழுதியவளே சொல்கிறேன். ஆமாம், பிடித்துவைத்துத்தான் வாங்கினோம். அவர் எழுதியிருக்காவிட்டால் அவரும் எங்களோடு அங்கேதான் குடியிருந்திருப்பார்.